ஈரக்கால் படாத தரை

பிழிந்த துணியை அவர் இன்னொரு முறை பிழிவார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகம் அல்ல, அந்தக் கைகள்தாம். பக்கெட்டிலிருந்து எடுத்து, முறுக்கி, மணிக்கட்டு நரம்பு புடைக்க அத்தை பிழிந்து முடித்த துணியைக் கை நீட்டி வாங்குவார். அவசரமே இருக்காது. வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிற நிதானத்தோடு முறுக்குவார். தலையைச் சாய்த்துப் பார்ப்பார். துணியின் அடியில் ஒரு சொட்டு திரளும். தொங்கும். நடுங்கும். பக்கெட்டுக்குள் விழும்.

"பாத்தியா, இன்னும் இருக்கு" என்பார்.

அத்தை மறுபடியும் பிழிவாள்.

கத்தமாட்டார். அதுதான் இன்றுவரை என்னை எரிக்கிறது. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். தெருவே கூடியிருக்கும். யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். பஞ்சில் சுற்றிய கத்தி மாதிரி ஒரு குரல் அவருக்கு. தெருவில் அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர்.

என் அத்தையின் கணவர். எனக்கு மாமா. தாம்பரத்தில் கல்லூரியில் இடம் கிடைத்ததும் அப்பா என்னை ஒரு சூட்கேஸோடு சேலையூரில் இருந்த தன் அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவர்களுடைய ஒரே மகன் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போயிருந்தான். அவன் அறை காலியாக இருந்தது. நான் அதில் நுழைந்தேன். நுழையும்போதே வாசற்படியில் மாமாவின் முதல் சொல் கேட்டது: "பாத்தும்மா."

பார்த்து. பார்த்து. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொன்னது இந்த ஒரே சொல்லைத்தான்.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் சட்டை இருந்தது. ஃபிரிட்ஜுக்குப் பூப்போட்ட உறை. அதன் கைப்பிடிக்குத் தனியாக ஒரு குட்டி உறை. டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் பை, அதை இறுக்க ரப்பர் பேண்ட். கடையிலிருந்து வந்தபோது போர்த்தியிருந்த பாலிதீன் ஸ்கூட்டர் சீட்டின் மேல் அப்படியே இருந்தது. வெயிலில் உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் கறுக் என்று சத்தம் வரும். பொருள்களெல்லாம் சட்டை போட்டுக்கொண்டு பத்திரமாக இருந்தன. அத்தை மட்டும் தோள்பட்டை கிழிந்த ரவிக்கையோடு அவற்றுக்கு நடுவில் நடமாடினாள்.

பிறகுதான் அந்தத் தரை வந்தது.

மாமா மறைமலை நகரில், கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசர். வெளிநாட்டிலிருந்து இன்ஜினியர்கள் வந்து இறங்கிய காலம் அது. அவர்களுக்காகக் கோவளம் போகிற வழியில் ஒரு பங்களாவை எடுத்து, அவர்கள் ஊர்ப் பழக்கப்படி தரை முழுக்க மரம் போட்டார்கள். மேற்பார்வைக்குப் போன மாமா, காதலியைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி வீடு திரும்பினார். பங்களாவில் போட்டது போக மிச்சம் என்று சில அட்டைப்பெட்டிகள் ஒரு மினி லாரியில் எங்கள் வாசலில் வந்து இறங்கின. கூடத்துக்கு மட்டும்தான் போதும்.

ஒரு துண்டுப் பலகையை அவர் எப்போதும் ஆபீஸ் பையில் வைத்திருப்பார். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த கன்னியம்மாவிடம்கூடக் காட்டினார்.

கன்னியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா சார், ஒசந்த மரம்னு சொன்ன. மேல தோலுதான் மரம், உள்ள பூரா பிளைவுட்டு கீது?"

"அதான் கன்னியம்மா விஷயமே." மாமா அவள்மேல் கோபப்படவே இல்லை. பலகையின் ஓரத்தை விரலால் தடவினார். "மேல இருக்கிறது நெஜமான ஓக். ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான். அடியில இருக்கிற அடுக்கெல்லாம் ஒண்ணு நீளவாக்குல, ஒண்ணு குறுக்குவாக்குல வச்சு ஒட்டினது. முழுப் பலகையா போட்டா நம்ம ஊர் ஈரத்துக்கு உப்பிக்கும், வளஞ்சுக்கும். இது ஒரு அடுக்கு இழுத்தா இன்னொரு அடுக்கு புடிச்சுக்கும். இன்ஜினியர்டு வுட்."

"இன்ஜினியரு படிச்ச மரமா? அப்ப எம் பொண்ணுக்கு இதையே கட்டி வச்சிருக்கலாம். எம் மருமவன் எட்டாவது பெயிலு."

அத்தை சிரித்துவிட்டாள். மாமாவும் சிரித்தார். அந்தத் தரையைப் பற்றி அந்த வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

பெட்டிகளை வந்த அன்றே பிரிக்கவில்லை. கூடத்தில் படுக்கவைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு, நாள்கணக்கில் காத்திருந்தார். "மரம் வேற தேசத்துலேர்ந்து வந்திருக்கும்மா. இந்த ஊர்க் காத்துக்குக் கொஞ்சம் பழகணும். அவசரப்பட்டா பிளந்துக்கும்" என்றார் என்னிடம். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் பேசுகிற குரலில் சொன்னார்.

எனக்கு அத்தை சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்தது. செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்த மறுநாள் விடியற்காலையில், எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்றுகூடத் தெரியாமல், மாமாவின் வீட்டார் அத்தனை பேருக்கும் இட்லி ஊற்றிய கதை. மரத்துக்கு மட்டும் நாள்கணக்கில் அவகாசம். அது பழக வேண்டுமாம்.

பலகைகளைப் பதித்தபோது பழைய மொசைக் தரையின்மேல் பாலிதீன் விரித்தார்கள். அதன்மேல் பஞ்சு மாதிரி ஒரு விரிப்பு. அதன்மேல் ஒன்றின் நாக்கு இன்னொன்றின் வாயில் நுழைகிற மாதிரி பலகைகள். சுவரை நெருங்கியதும் நிறுத்திவிட்டார்கள். நாலு பக்கமும் அரை அங்குலம் இடம் விட்டார்கள்.

"எதுக்கு மாமா சந்து?"

"மழைக்காலத்துல மரம் விரியும். வெயிலுக்குச் சுருங்கும். இடம் விடலைன்னா முட்டிக்கிட்டு எழும்பிடும். மூச்சு விட இடம் வேணும்மா, எதுக்கும்."

எதுக்கும்! இந்தச் சொல்லை நான் முப்பது வருடங்களாக வாயில் வைத்து மென்றுகொண்டிருக்கிறேன். இன்னும் கசப்பு போகவில்லை. மரத்துக்கு அரை அங்குலம் விட்டார். அந்தச் சந்தை மறைக்க ஓரத்தில் அழகாகப் பட்டி அடித்தார். அத்தைக்கு? அவளுக்கு ஒரு நூலிழை இடம் விட்டாரா? அவள் விரியவில்லையா, சுருங்கவில்லையா, இத்தனை மழையில், இத்தனை வெயிலில்?

சரி. கோபத்தில் ஓடுகிறேன். நிறுத்திச் சொல்கிறேன்.

அத்தைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, முடியில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈரக்காலோடு கூடத்தின் நடுவாக நேரே போய், எதிர்ச்சுவரில் இருந்த சாமி அலமாரியில் விளக்கேற்ற வேண்டும். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான் ஏற்றினாள். அந்த நடை அவளுடையது. வாரம் முழுக்க அந்த வீடு அவளை வேலை வாங்கும். வெள்ளிக்கிழமை காலை ஒரு பத்தடி தூரம் மட்டும் அந்த வீடு அவளுக்கு வழிவிட்டு நிற்கும்.

தரை வந்தபின் அது போயிற்று. ஈரக்கால் கூடாது. குளித்துவிட்டுப் பின்கட்டுப் பக்கமாகச் சுற்றி, அறைக்குள் போய், கால்விரல் இடுக்கெல்லாம் துடைத்து, முடியை உலர்த்தி, வேறு புடவை மாற்றி, சுவரோரமாக வந்து ஏற்ற வேண்டும். வாசலில் முதலில் தேங்காய்நார் மிதியடி, அப்புறம் துணி மிதியடி. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய கம்பளியைக் கத்தரித்து ஒட்டினார். தண்ணீர்ச் செம்புக்கு அடியில் தட்டு. வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது நின்றது. குச்சி வைத்த துடைப்பான் ஈரத்தை அதிகம் விடுகிறது என்று கண்டுபிடித்தார். ஆகவே முட்டி போட்டுத் துடைக்க வேண்டும், பிழிந்த துணியால். கன்னியம்மாவின் கையை அவர் நம்பவில்லை. ஆகவே அத்தை. காலையிலும் மாலையிலும். முதலில் மணிக்கட்டு போயிற்று. அப்புறம் வலது முழங்கால். எழும்போது சுவரைப் பிடிக்கப் போவாள். சுண்ணாம்பு கையில் ஒட்டும், கை தரையில் படும் என்று பயந்து, பிடிக்காமலே எழுவாள்.

காய்ச்சலில் அவள் படுத்தபோது மாமாதான் மருந்து வாங்கி வந்தார். அதையும் சொல்ல வேண்டும். கஞ்சிகூட வைத்தார். மருந்துப் பாட்டிலின் அடியைத் துடைத்துவிட்டுத்தான் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா தரையில் குப்புறப் படுப்பார். கன்னத்தை மரத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி, ஜன்னல் வெளிச்சம் சரிகிற திசையில் பார்ப்பார். கீறல் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். அந்தத் தடவலில் அவ்வளவு மென்மை இருந்தது. இந்தக் கை இப்படியும் தொடுமா?

அந்த வருடம் கோகுலாஷ்டமி வந்தது. அத்தை அரிசிமாவைக் கரைத்து எடுத்துக்கொண்டாள். கையை முஷ்டியாக மூடி, பக்கவாட்டை மாவில் தோய்த்து, வாசற்படியிலிருந்து ஒற்றி ஒற்றி வந்தாள். மேலே விரல்நுனியால் ஐந்து பொட்டு. கண்ணன் பாதம். வாசலில் தொடங்கி, கூடத்தின் நடுவாக, சாமி அலமாரி வரைக்கும். மாமா ஆபீசில். கன்னியம்மா வாசலில் நின்று எச்சரித்தாள்: "யக்கா, சாரு வந்தா பேஜாராப் பூடும்." அத்தை நிமிரவில்லை. அவள் முகத்தில் அப்போது இருந்த களையை நான் அதற்கு முன்பு அந்த வீட்டில் பார்த்ததில்லை. மகன் குட்டியாக இருந்தபோது அவன் காலையே மாவில் தோய்த்து நடக்கவிட்டதைச் சொல்லிக்கொண்டே ஒற்றினாள்.

மாமா மாலையில் வந்தார். பார்த்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, துணி எடுத்து, பிழிந்து, அலமாரியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பாதமாகத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். அத்தை முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவள் அச்சோடு வந்து நின்றாள். வெளியே சிமெண்ட் படியில் இருந்த ஒரு பாதத்தை மட்டும் விட்டுவைத்தார்.

"வாசல் வரைக்கும் வந்தாரில்ல? போதும்" என்றார். "சாமியா இருந்தாலும் ஈரத்தோட வெளியதான்."

சொல்லிவிட்டு அத்தையிடம் சூடாக ஒரு முறுக்கு கேட்டார். அவள் கொடுத்தாள். நான் அந்த முறுக்கு அவர் தொண்டையில் சிக்கட்டும் என்று நினைத்தேன். சிக்கவில்லை.

அடுத்தது அந்த நவம்பர் மழை. பள்ளிக்கரணை சதுப்பே எழுந்து நடந்து வந்த மாதிரி எங்கு பார்த்தாலும் தண்ணீர். ஏரிக்கரை ஓரம் கன்னியம்மாவின் குடிசைக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. காலையில் மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். மகள் நிறைமாதம். இருவரிடமிருந்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பின்வாசல் பக்கம் முழங்கால் ஆழம், போக முடியாது. முன்வாசல்தான் வழி.

"வூட்டுக்குள்ள பூந்துகிச்சு சார். புள்ளத்தாச்சிக்கி ஒக்கார எடம் வோணும்" என்றாள் கன்னியம்மா.

மாமா கதவை அடைத்துக்கொண்டு நின்றார். "உள்ள வேணாம் கன்னியம்மா. மரத்தரை, ஈரக்காலுக்கு வழுக்கும். வயித்துப்புள்ளக்காரி, விழுந்துட்டா யாரு பதில் சொல்றது? போர்ட்டிகோவுல உக்காருங்க. டீ போடச் சொல்றேன்."

பார்த்தீர்களா அந்தக் கரிசனத்தை? வழுக்குமாம். அந்தப் பெண்மேல் அவருக்கு அவ்வளவு அக்கறையாம். அவர் மரம் எப்படியோ, அவரும் அப்படித்தான். மேலே மில்லிமீட்டர் கணக்கில் நிஜமான பளபளப்பு. அதைச் சுரண்டத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

"மாமா, அவங்க உள்ள வரட்டும். நான் தொடைக்கிறேன்" என்றேன்.

"நீ கதவைச் சாத்தும்மா. சாரல் அடிக்குது."

டீ போயிற்று. பிஸ்கட் போயிற்று. விரித்து உட்கார ஒரு பழைய பாலிதீனும் போயிற்று. சிமெண்ட் தரையில், ஸ்கூட்டருக்குப் பக்கத்தில், அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். காற்று திரும்பும்போதெல்லாம் நனைந்தாள். அத்தை கொஞ்ச நேரம் நிலைப்படியில் நின்றாள். பிறகு வெளியே போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாமா ஜன்னலிலிருந்து, "உள்ள வரும்போது புடவைய மாத்திட்டு வா" என்றார். மெதுவாகத்தான்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்த்திகை மாதம் ஆண்பிள்ளை பிறந்தது. ஒன்றும் ஆகவில்லை என்பதாலேயே மாமா செய்தது சரி என்று ஆகிவிடுமா? ஒன்றும் ஆகாதவரை எல்லாம் சரியாகிவிடுகிற உலகத்தில்தான் இப்படிப்பட்ட தங்கமான மனுஷர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

நான் எம்.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது மாமா ஆபீசிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. மதியம் வேனில் கொண்டுவந்தார்கள். மகன் ஷார்ஜாவிலிருந்து மறுநாள் காலைதான் வர முடியும். ஐஸ் பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. ஐஸ் பாளங்களைத்தான் மரத்தூள் போட்டு, சாக்கில் சுற்றி, ஒரு தட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். தெருவில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். கூடத்தைக் காலிசெய்யச் சொல்லி மாமாவின் அண்ணன் உத்தரவு போட்டார். ஆட்கள் சோபாவைத் தூக்கக் குனிந்தார்கள்.

அத்தை எழுந்து வந்தாள். அழுது வீங்கிய முகம். வலது காலை இழுத்து இழுத்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"வெளியில போடுங்க" என்றாள்.

மாமாவின் அண்ணனுக்குக் காதில் சரியாக விழவில்லை. "என்னம்மா?"

"போர்ட்டிகோவுல போடுங்க. ஐஸ் உருகும்."

"என்ன பேசுற நீ? வீட்டு எஜமான். அவன் கட்டின வீடு. கூடத்துல கிடத்தாம தெருநாய் மாதிரி வெளியிலயா போடுவாங்க? உருகினா தொடைச்சுக்கலாம்."

அத்தை அவர் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்:

"யாரு தொடைக்கிறது?"

அழுதுகொண்டிருந்த பெண்களும் நிறுத்திவிட்டார்கள். மாமாவின் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"சாமியா இருந்தாலும் ஈரத்தோட வெளியதான். அவரு சொன்னதுதான். அவருக்குத் தெரியாததா?" என்றாள் அத்தை. அவர் பேசுகிற மாதிரியே மெதுவாகச் சொன்னாள். அவர் மனசு நோகக் கூடாது என்று சொன்னாளா, இத்தனை வருடக் கணக்கைத் தீர்க்கச் சொன்னாளா? அவள் முகத்தில் நான் எவ்வளவோ தேடினேன். அகப்படவில்லை.

போர்ட்டிகோவில், ஸ்கூட்டரை நகர்த்திவிட்டு, பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். பாளங்களுக்கு நடுவில் மாமா படுத்திருந்தார். உருகிய தண்ணீர் மரத்தூளை இழுத்துக்கொண்டு அவர் காலடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, சிமெண்டில் கோடு பிடித்து, வாசல் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சொட்டை யாரும் பிழிந்து நிறுத்தவில்லை.

கன்னியம்மா சுவரோரம் குந்தியிருந்தாள். எழுந்து என் காதருகில் வந்து, "நானும் எம் பொண்ணும் குந்திகினு இருந்த எடம்மா அது" என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் அழுதாள். எதற்கு அழுதாளோ, அவளுக்குத்தான் தெரியும்.

மகன் வந்தான். மறுநாள் முற்பகலில் எடுத்துக்கொண்டு போனார்கள். பறை தெருமுனை தாண்டியதும் பெண்கள் போர்ட்டிகோவைக் கழுவினார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். கூடத்தைக் கழுவ யாரும் வாயெடுக்கவில்லை. செத்த பிறகும் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது.

பின்கட்டில் ஒவ்வொருவராகத் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். கடைசியாக அத்தை. குளித்து எழுந்தவள் அறைப்பக்கம் திரும்பவில்லை. துண்டு வாங்கிக்கொள்ளவில்லை. புடவை உடம்பில் ஒட்டியிருக்க, அவிழ்ந்த முடியிலிருந்து தண்ணீர் ஒழுக, சமையலறை வழியாக வந்து, கூடத்தின் விளிம்பில் ஒரு நொடி நின்றாள். பிறகு காலை வைத்தாள்.

நடுவாக நடந்தாள். இடது பாதம் முழுசாக விழுந்தது. வலது பாதம் இழுபட்டு விழுந்தது. சமையலறை வாசலிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும், பளபளத்த அந்த மரத்தின்மேல், ஈரம் ஈரமாக. சாமி அலமாரிக்குத் திரை போட்டிருந்தது. தீட்டு; விளக்கேற்ற முடியாது. அவளும் ஏற்றப் போகவில்லை. திரைக்கு முன்னால் சும்மா நின்றாள். அவளைச் சுற்றித் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இறங்கிக்கொண்டே இருந்தது.

என் கை, என் பாழாய்ப்போன கை, ஆணியில் தொங்கிய தரைத் துணிக்குப் போயிற்று.

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. துணி உராய்ந்த சத்தத்தில் தெரிந்திருக்கும்.

"விடுடி," என்றாள். "அதுவா காயட்டும்."